வட சென்னை வெயிலில் பவளத் தொட்டி: எல்.இ.டி-யா, மெட்டல் ஹாலைடா? முழுமையான வழிகாட்டி

வீட்டில் கடல் தொட்டி, அதாவது உப்புத் தண்ணீரில் பவளமும் மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைக்க ஆசைப்பட்டு வருபவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை வாட் லைட் போடலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "மதியம் மூணு மணிக்கு உங்கள் ரூமில் எத்தனை டிகிரி?" கொளத்தூரிலோ தண்டையார்பேட்டையிலோ எண்ணூரிலோ பவளம் வளர்க்கிறவருக்கு விளக்குத் தேர்வு என்பது பெரும்பாலும் சூட்டுத் தேர்வு. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டு 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு இரண்டை மேலே தொங்கவிட்டால் சித்திரை மாதத்தில் தொட்டி வெந்துவிடும். அதற்காக ஹாலைடு மட்டமான விளக்கு என்று சொல்ல வரவில்லை. பவளத்துக்கு மனிதன் செய்த விளக்குகளில் மிக நல்ல ஒன்று அது. யாருக்கு எது பொருந்தும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், இரண்டும் எப்படி எரிகின்றன

மெட்டல் ஹாலைடு பல்பின் நடுவில் ஒரு சின்னக் குழல் இருக்கும். அதற்குள் பாதரசமும் சில உலோக உப்புகளும் இருக்கின்றன. மின்பொறி பாய்ந்ததும் அவை ஆவியாகி ஒளிர்கின்றன. போட்டவுடன் முழு வெளிச்சம் வராது. சில நிமிடங்கள் மங்கலாக இருந்து மெல்ல ஏறும். ஒரு நொடி கரன்ட் போய் வந்தால்கூட விளக்கு அணைந்துவிடும். சூடு தணிந்தால்தான் மறுபடி பற்றும், அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பல்பைத் தனியாக வாங்கி எரிக்க முடியாது. சோக், இக்னைட்டர், கெப்பாசிட்டர் சேர்ந்த பேலஸ்ட் (பல்புக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வேண்டும், இல்லாவிட்டால் எலெக்ட்ரானிக் பேலஸ்ட் வேண்டும்.

அதன் பலம் எங்கே இருக்கிறது என்றால், மொத்த வெளிச்சமும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புகிறது, சூரியனைப் போல. அதனால்தான் தண்ணீர் அசையும்போது மணல்மேல் ஒளிக்கோடுகள் ஓடுகின்றன. நல்ல ரிஃப்ளெக்டர் இருந்தால் ஒரு பல்பு சுமார் இரண்டடிக்கு இரண்டடிப் பரப்பைச் சீராக நனைக்கும். நிறமும் இடைவெளி இல்லாமல் பரந்து கிடக்கும்.

எல்.இ.டி என்பது பல சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் தரும். ராயல் ப்ளூ 450 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிகள் விரும்பி உறிஞ்சுவதும் ஏறக்குறைய இந்த நீலத்தைத்தான். தேவையில்லாத மஞ்சளையும் அகச்சிவப்பையும் உண்டாக்கி கரன்ட்டை வீணடிப்பதில்லை என்பதுதான் எல்.இ.டி-யின் சிக்கனத்துக்குக் காரணம். எல்.இ.டி-யும் சூடாகும், ஆனால் அந்தச் சூடு பின்பக்க அலுமினியத் தகட்டுக்குப் போய் ஃபேன் வழியாக மேலே வெளியேறுகிறது. ஹாலைடின் சூடோ கதிராகவே கீழே தண்ணீரில் இறங்குகிறது. நம் ஊருக்கு இந்த ஒரு வித்தியாசமே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

படி 1: எதை வளர்க்கப் போகிறீர்கள்?

விளக்கை வாங்கிவிட்டு உயிரைத் தேடுவது தலைகீழ் வழி. எந்த உயிர் என்று முடிவு செய்த பிறகுதான் அதற்கு எத்தனை வெளிச்சம் வேண்டும் என்று பேச முடியும்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்குச் சட்டமும் பதில் சொல்கிறது. கல்போன்ற எலும்புக்கூடு கட்டும் பவளங்கள் அத்தனையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001-இல் அவை சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப், கடல் விசிறி ஆகியவையும் அதே அட்டவணையில்தான். அக்ரோபோரா, மான்டிபோரா மட்டும்தான் கல் பவளம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'டார்ச்', 'ஹேமர்' என்று செல்லப் பெயரில் சுற்றும் பவளங்களும் கல் பவளங்களே. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றிக் கிடக்கும் மன்னார் வளைகுடாப் பவளப் பாறைகள் 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் சூட்டில் வெளுத்துப்போய்ப் பட்ட பாடு போதும். அங்கிருந்து ஒரு துண்டுகூட நம் வீட்டுத் தொட்டிக்கு வரக் கூடாது. பவளக் கல்லை லைவ் ராக் (பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய கல்) என்று விற்றால் அதையும் வாங்காதீர்கள். செயற்கைக் கல்லில் பாக்டீரியாவை வளர்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுத் தொட்டிக்கு உகந்தவை மஷ்ரூம், ஜோவாந்திட், லெதர், ஜீனியா போன்ற மென்பவளங்களும் அவற்றின் உறவுகளும். எந்தக் கடல் உயிரை வாங்கினாலும் அது எங்கிருந்து வந்தது என்று பில்லோடு கேட்டு வாங்குங்கள்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவைத்தான் 'பார்' என்கிறோம். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு அது (மைக்ரோமோல் என்பது துகள்களை எண்ணும் ஒரு பெரிய அலகு). உச்சி வெயிலில் கடல் மேற்பரப்பில் சுமார் 2,000 இருக்கும். மஷ்ரூமுக்கு 50 முதல் 80 போதும். ஜோவாவுக்கும் லெதருக்கும் 80 முதல் 150. பபிள் டிப் அனிமோன் என்ற கடல் சாமந்திக்கு 150-க்கு மேல் வேண்டியிருக்கும். அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்குத்தான் 200, 300 என்று தேவைப்படும்.

ஹாலைடு உண்மையில் ஜொலிப்பது அந்தக் கடைசி வகையில். நம் வீடுகளில் வளர்க்கக் கூடிய உயிர்களுக்கு அத்தனை வெளிச்சம் தேவையே இல்லை. 60 பார் கேட்கும் மஷ்ரூமுக்கு மேல் 250 வாட் ஹாலைடைத் தொங்கவிட்டால் அது சுருங்கி நிழல் தேடும்.

படி 2: தொட்டியை அளந்துகொள்ளுங்கள்

அடிக்கணக்கில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பெருக்கி வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 4 × 2 × 2 தொட்டி என்றால் சுமார் 450 லிட்டர். 3 × 1½ × 1½ என்றால் 190 லிட்டர்.

விளக்குக்கு முக்கியமானது உயரம். தண்ணீரின் ஆழம் ஒன்றரை அடிக்குள் இருந்தால் எந்த நல்ல எல்.இ.டி-யும் அடி மணல் வரை போதுமான வெளிச்சத்தைக் கொண்டுசேர்க்கும். இரண்டடி என்றால் லென்ஸ் கோணத்தைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டரை அடிக்கு மேல் போனால்தான் ஹாலைடின் ஊடுருவலுக்குத் தனி மதிப்பு. புதிதாகக் கண்ணாடி ஒட்டச் சொல்பவர்களுக்கு ஒரு யோசனை: உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள். வெளிச்சச் செலவு குறையும். தண்ணீரின் மேற்பரப்பு கூடுவதால் காற்றும் கலக்கும், சூடும் ஆறும். உயரமான தொட்டி ஹாலில் பார்க்க அழகு. ஆனால் அதற்கு மாதா மாதம் கரன்ட்டில் விலை கொடுக்கிறீர்கள்.

படி 3: சூட்டுக் கணக்கு

அவசரப்படாமல் உட்கார்ந்து செய்ய வேண்டிய படி இது. பவளத் தொட்டித் தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் இருப்பது நிம்மதி. 28 வரை தாங்கும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன் நுண்பாசியைத் துப்பிவிட்டு வெளுக்கும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜனும் குறைவதால் மீன்களுக்கும் அது கெட்ட நேரம்.

விளக்கு வாங்குவதற்கு முன்பே தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பம்ப்பை மட்டும் ஓடவிட்டு ஒரு வாரம் சூட்டைக் குறித்து வையுங்கள். காலை ஆறு மணிக்கு ஒன்று, மதியம் மூன்று மணிக்கு ஒன்று, இரவு பத்து மணிக்கு ஒன்று. கத்திரி வெயில் காலத்தில் இதைச் செய்தால் உங்கள் அறையின் மோசமான முகம் தெரிந்துவிடும். விளக்கே இல்லாமல் மதியம் 31 டிகிரி காட்டினால், எந்த விளக்கைப் போட்டாலும் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) இல்லாமல் முடியாது.

இப்போது விளக்கின் பங்கு. 4 அடித் தொட்டிக்கு 250 வாட் ஹாலைடு இரண்டு என்று வைத்துக்கொள்வோம், 500 வாட். இந்தச் சூடு முழுவதும் 450 லிட்டர் தண்ணீரில் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 1 டிகிரி ஏறும். முழுவதும் இறங்காது. மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது என்று வைத்தாலும் 8 மணி நேரத்தில் இரண்டரை டிகிரி. ஆவியாதலில் கொஞ்சம் போகட்டும். மீதி சூடு அறைக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கும், அறைச் சூடு மறுபடி தண்ணீரைச் சுடும். அதே பரப்பில் மென்பவளத்துக்குப் போதுமான எல்.இ.டி 180 வாட் இழுக்கும், அதிலும் பெரும்பங்கு சூடு மேலே போய்விடும். தண்ணீரில் அரை டிகிரி ஏறினாலே அதிகம்.

"ஃபேன் வைத்து ஆற்றிவிடலாமே" என்பார்கள். தண்ணீர் மேற்பரப்பில் ஃபேன் வீசினால் ஆவியாகிச் சூடு குறையும்தான். பெங்களூரில் அது நன்றாக வேலை செய்யும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் கடற்காற்றே ஈரத்தைச் சுமந்து வருவதால் ஆவியாதல் மந்தம். ஒன்றரை, இரண்டு டிகிரி குறைந்தால் நல்லது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் ஆர்.ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும். மறந்தால் உப்பளவு ஏறும். எல்.இ.டி தரும் அரை டிகிரியை ஃபேனால் சமாளிக்கலாம், ஹாலைடின் இரண்டரை டிகிரியைச் சமாளிக்க முடியாது.

சில்லர் இருந்தால்? அது தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் கக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஹாலைடும் சில்லரும் ஒன்றாக ஓடினால் ஒன்று ஏற்றுவதை இன்னொன்று இறக்கும். இரண்டுக்கும் நீங்கள் பணம் கட்டுவீர்கள். சில்லரை வராந்தாவில் வைத்துக் குழாயை உள்ளே கொண்டுவர வழியிருந்தால் கதை வேறு.

வீடு எந்த மாடி என்பதையும் பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு என்றால், பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் சாயங்காலத்திலிருந்து நள்ளிரவு வரை அந்தச் சூட்டை உள்ளே விடும். அந்த வீடுகளில் விளக்கின் உச்ச நேரத்தைக் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மதியத்துக்குள் முடித்துவிட்டு, ராத்திரி நீங்கள் உட்கார்ந்து பார்க்கும் நேரத்துக்கு மெல்லிய நீலம் மட்டும் விடுவது புத்திசாலித்தனம். கீழ்த்தள வீடு என்றால் சாயங்காலம் நான்கிலிருந்து பத்து வரை உச்ச நேரம் வைக்கலாம். பவளத்துக்கு நேரம் முக்கியமில்லை, தினமும் ஒரே நேரமாக இருப்பதுதான் முக்கியம். ஆனால் இப்படி வேளைக்கு வேளை கூட்டிக் குறைக்கும் வசதி எல்.இ.டி-யில்தான் உண்டு. பெரும்பாலான ஹாலைடுகளுக்கு எரிவதும் அணைவதும் தவிர வேறு தெரியாது.

படி 4: கரன்ட் கணக்கு

250 வாட் ஹாலைடு ஒன்று சோக்கோடு சேர்த்து 280 வாட் வரை இழுக்கும். இரண்டுக்கு 560 வாட். தினம் 8 மணி நேரம் என்றால் நான்கரை யூனிட். நம் இரண்டு மாதப் பில்லில் சுமார் 270 யூனிட். 180 வாட் எல்.இ.டி தினம் 9 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 97 யூனிட். தமிழ்நாட்டுக் கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது என்பதால் இந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் பில்லின் உச்சி அடுக்கில் போய் உட்காரும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கில் ஒரு பகுதிக்கும் கூடுதல் விலை விழும். போன வருஷத்துச் சித்திரை, வைகாசிப் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு இந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். ஏ.சி ஓடும் வீடு என்றால் பதில் உடனே கிடைத்துவிடும். ஹாலைடுக்குச் சில்லரின் கூடுதல் ஓட்டத்தையும், வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பல்பையும் இதோடு சேர்க்க மறக்காதீர்கள்.

கரன்ட் போவதைப் பற்றியும் பேச வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் விளக்கைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். பவளம் சில நாள் இருட்டைத் தாங்கும், அசையாத தண்ணீரைத்தான் தாங்காது. இன்வெர்ட்டரின் சக்தி முழுவதும் அலை பம்ப்புக்கும் ஏர் பம்ப்புக்கும் போகட்டும். சோக் வைத்த ஹாலைடை வீட்டு இன்வெர்ட்டரில் போடும் எண்ணமே வேண்டாம். சின்னச் சின்ன கரன்ட் வெட்டு அடிக்கடி வரும் தெருவில் ஹாலைடு ஒவ்வொரு முறையும் அணைந்து, ஆறி, மறுபடி பற்றும். பல்பின் ஆயுளும் அதில் குறையும். எல்.இ.டி கரன்ட் வந்த நொடியில் எரியும். டைமர் நேரம் மாறிப்போகாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 5: இப்போது முடிவெடுங்கள்

இதுவரை குறித்த நான்கையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மென்பவளம், ஒன்றரை முதல் இரண்டடி ஆழம், ஏ.சி இல்லாத அறை, 500 யூனிட்டை ஒட்டிய பில் என்றால் எல்.இ.டி. வட சென்னை வீடுகளில் பத்தில் ஒன்பது இதற்குள் அடங்கும் என்பது என் கணிப்பு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஹாலைடு யாருக்கு? ஆழமான பெரிய தொட்டி, உயரமான கூரை, சில்லரை வெளியே வைக்க இடம், கரன்ட் பில்லைத் தாங்கும் வசதி எல்லாம் இருந்து, அந்த ஒளிக்கோடுகளின் மேல் மனம் வைத்தவருக்கு. ஏற்கெனவே ஹாலைடில் வருஷக்கணக்கில் நன்றாக ஓடும் தொட்டி வைத்திருப்பவரும் வெறும் நாகரிகத்துக்காக மாற்ற வேண்டியதில்லை. பல்பு கிடைக்கிற வரை ஓட்டலாம். இன்னொரு நடுவழியும் உண்டு: நடுவில் 150 வாட் ஹாலைடு ஒன்றே ஒன்று, தினம் நான்கு மணி நேரம் மட்டும், மீதி நேரத்துக்கு இருபக்கமும் நீல எல்.இ.டி பட்டைகள். மார்கழி, தை மாதங்களில் இது அருமையாக இருக்கும். சித்திரையில் ஹாலைடை நிறுத்திவிட்டு எல்.இ.டி-யை மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

படி 6: கடையில் என்ன பார்ப்பது

கொளத்தூர் கடைகளில் "அண்ணே, இது எத்தனை வாட்?" என்று கேட்டால் பெட்டியில் அச்சிட்ட எண்ணைத்தான் சொல்வார்கள். 165 வாட் என்று எழுதியிருக்கும் கருப்புப் பெட்டி விளக்குகள் முழு வேகத்தில்கூட அதைவிடக் குறைவாகவே இழுக்கும். அது மோசடி இல்லை. டயோடுகளின் (அந்தச் சின்ன ஒளிப்புள்ளிகளின்) உச்சத் திறனைக் கூட்டிப் பெயர் வைத்திருக்கிறார்கள். சின்ன வாட் மீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பிளக்கில் சொருகிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் இவற்றைக் கேளுங்கள்: நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியுமா? டிரைவர் (டயோடுகளுக்கு ஏற்றபடி கரன்ட்டை மாற்றித் தரும் பெட்டி) தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கிறதா, பசை ஊற்றி மூடியிருக்கிறதா? ஃபேன் சாதாரண அளவா? ஃபேன் போனால் ஃபேனை மட்டும் மாற்றவும், டிரைவர் போனால் அதே மில்லி ஆம்பியரும் வோல்ட் வரம்பும் உள்ள டிரைவரை ரிச்சி தெருவில் தேடிப் போடவும் வழியிருக்கிற விளக்கு, வசதிகள் நிறைந்த மூடிய விளக்கைவிடக் கடலோர வீட்டில் நீண்ட நாள் உழைக்கும். கெஸில், ரேடியான், ஹைட்ரா போன்ற பேர் போன விளக்குகள் தரத்தில் மிக நல்லவை. வாங்குவதற்கு முன் ரிப்பேருக்கு ஊரில் ஆள் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கெஸில் வகையில் டயோடுகள் ஓரிடத்தில் நெருக்கமாக இருப்பதால் ஹாலைடுக்கு ஓரளவு நெருங்கிய ஒளிக்கோடுகள் கிடைக்கும். பரந்து அமைந்த விளக்குகளில் கோடுகள் குறைவு, ஆனால் நிழலும் குறைவு. குறுகிய லென்ஸ் உள்ள விளக்கு நடுவில் சுட்டெரித்து ஓரத்தில் இருட்டாக விடும். 4 அடித் தொட்டிக்குப் பெரிய விளக்கு ஒன்று வாங்குவதைவிடச் சுமாரான இரண்டு வாங்குவது எப்போதும் நல்லது. ஒன்று கெட்டுப்போனாலும் தொட்டி இருட்டாகாது.

ஹாலைடு வாங்குபவர் கவனிக்க வேண்டியவை வேறு. பாரிமுனையில் மைதானத்துக்கும் குடோனுக்கும் விற்கும் ஹாலைடு ஃப்ளட் லைட்டுகள் மலிவாகக் கிடைக்கும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம் கூடும். அவை பெரும்பாலும் 4,000 கெல்வினை ஒட்டிய மஞ்சள் வெளிச்சம். பவளத்துக்கு ஆகாது, பாசிக்குத்தான் கொண்டாட்டம். பவளத் தொட்டிக்கு 10,000 முதல் 20,000 கெல்வின் வரையிலான பல்புகள் வேண்டும். 14,000-தான் நிறத்துக்கும் வளர்ச்சிக்கும் பொதுவான தேர்வு. 20,000 கண்ணுக்கு ஆழ்நீலமாக அழகாக இருக்கும், ஆனால் அதே வாட்டில் பார் குறைவாக வரும். பல்பில் எழுதியிருக்கும் வாட்டும் வகையும் பேலஸ்ட்டோடு பொருந்த வேண்டும், ஏனோதானோ என்று மாட்டக் கூடாது. இருமுனைப் பல்புக்கு வெளி உறை கிடையாது என்பதால் புற ஊதாக் கதிர் நேராக வெளிவரும். காப்புக் கண்ணாடி இல்லாத ஃபிக்ஸ்சரில் அதை எரிக்கவே கூடாது. பவளமும் கருகும், உங்கள் கண்ணும் கெடும். பழைய செட் வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் கண்ணாடி விரிசலில்லாமல் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

படி 7: மாட்டுவது

எல்.இ.டி-யைத் தண்ணீர் மட்டத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். ஹாலைடு என்றால் 30-க்குக் குறையாமல். இரண்டுக்கும் மேலே காற்று போக இடம் இருக்க வேண்டும். மரப் பெட்டி அடித்து மூடி அழகு பார்ப்பது சூட்டை உள்ளே பூட்டுகிற வேலை. ஹாலைடின் பேலஸ்ட் தொட மாட்டாத அளவுக்குச் சூடாகும். சம்ப் (வடிகட்டியும் பம்ப்பும் இருக்கும் கீழ்த் தொட்டி) இருக்கும் அலமாரிக்குள் அதை வைக்காதீர்கள், சுவரில் தனியாக மாட்டுங்கள்.

உப்புத் தண்ணீரும் கரன்ட்டும் சந்திக்கும் இடம் இது. எந்த ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று கட்டாயம். குழந்தைகள் கையை உள்ளே விடும் தொட்டி, இதில் சிக்கனம் வேண்டாம்.

படி 8: பவளத்தைப் பழக்குவது

புது எல்.இ.டி-யின் கீழ் பவளம் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் வெளிச்சம் கூடிப்போனதுதான். நம் கண் நீலத்தை மங்கலாகப் பார்க்கிறது. "இருட்டாக இருக்கிறதே" என்று ஏற்றிக்கொண்டே போவோம், பவளமோ வெளுத்துக்கொண்டே போகும். நீலத்தை 30 முதல் 40 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். வெள்ளை அதில் பாதிக்கும் கீழே. சிவப்பும் பச்சையும் இருந்தால் பெயருக்கு. வாரத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஹாலைடிலிருந்து எல்.இ.டி-க்கு மாறுபவர்களுக்கும் இதே விதி. ஹாலைடில் பழைய பல்பை மாற்றும்போதும் இது பொருந்தும்: புதுப் பல்பு பழையதைவிடப் பலமாக எரியும், ஆகவே ஃபிக்ஸ்சரைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயர்த்திவிட்டு வாராவாரம் இறக்குங்கள்.

பார் மீட்டர் கையில் இருந்தால் யூகம் தேவையில்லை. நீருக்குள் விடும் சென்சாரோடு வரும் அப்போஜி எம்.க்யூ-510 எல்.இ.டி-க்கும் சரியாகக் காட்டும். தனியாக வாங்க விலை அதிகம். நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடலாம். செல்போனின் லக்ஸ் ஆப் பச்சை மஞ்சளுக்கு ஏற்ப அளப்பது, நீல விளக்கின் கீழ் அது சொல்வதை நம்ப முடியாது. அளக்கும்போது தொட்டியின் நான்கு மூலை, நடு, பாறை உச்சி என்று அளந்து ஒரு தாளில் படம் போட்டு எழுதுங்கள். அந்தத் தாள்தான் எந்த உயிர் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும்.

மீட்டர் இல்லாதவருக்குப் பவளமே சொல்லும். ஜோவாக் கூட்டத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். காம்பு நீண்டு, தலைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தால் வெளிச்சம் பற்றவில்லை. காம்பு குட்டையாகி, தட்டையாக விரிந்து, பாவாடை போன்ற ஓரம் முழுசாகத் திறந்திருந்தால் சரியான அளவு. பகலில் பாதி மூடியபடியே இருந்து நிறம் வெளிறினால் அதிகம். மஷ்ரூம் சுருங்கினாலும் அதே அர்த்தம். பழுப்பாகிக்கொண்டே வந்தால் நுண்பாசி பெருகுகிறது, வெளிச்சம் குறைவு என்று அர்த்தம் கொள்ளலாம். லெதர் மட்டும் அவ்வப்போது சில நாள் சுருங்கி மேல்தோலை உரிக்கும். அதைப் பார்த்துப் பதறி விளக்கில் கை வைக்க வேண்டாம்.

படி 9: விளக்கைக் காப்பாற்றுவது

எல்.இ.டி-க்கு 50,000 மணி நேரம் ஆயுள் என்று எழுதியிருப்பார்கள். தினம் 9 மணி நேரம் என்றால் 15 வருஷம். டயோடு உழைக்கும்தான், எண்ணூர், திருவொற்றியூர் கடற்காற்றில் ஃபேனும் டிரைவரும் அத்தனை நாள் உழைக்காது. மாதம் ஒருமுறை கரன்ட்டைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையில் ஒட்டிய தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீர் தெறித்துக் காய்ந்த உப்பு லென்ஸின்மேல் வெள்ளைப் பொருக்காகப் படிந்திருக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறிவிடும். ஆர்.ஓ தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு நிமிடம் ஒட்டிவைத்து, உப்பு இளகியதும் மெதுவாகத் துடையுங்கள். இதைச் செய்த அன்று பவளத்துக்குத் திடீரென்று வெளிச்சம் கூடும். ரொம்ப நாள் விட்டுத் துடைத்திருந்தால் விளக்கை 10 சதவீதம் குறைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். மஞ்சளாகிப்போன தொட்டித் தண்ணீரில் புதிதாகக் கார்பன் (நிறத்தை உறிஞ்சித் தண்ணீரைத் தெளிவாக்கும் கரி) போடும்போதும் இப்படித்தான். தண்ணீர் ஒரே நாளில் தெளிந்து நீலம் முழு வேகத்தில் உள்ளே இறங்கும், விளக்கில் கையே வைக்காமல் பவளம் வெளுக்க இது போதும். கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

ஹாலைடு பல்பை எரிகிறதே என்று வைத்திருக்காமல் 10 முதல் 12 மாதத்தில் மாற்றிவிடுங்கள். நிறம் மஞ்சளை நோக்கி நகரும், கண்ணுக்கு அது சட்டென்று தெரியாது. பாறையில் பாசி வேகமாக ஏறுகிறது என்றால் பல்பு வாங்கிய தேதியைப் பாருங்கள். கெட்ட பல்பில் பாதரசம் இருக்கிறது, குப்பைத் தொட்டியில் வீசக் கூடாது. உடையாமல் அட்டையில் சுற்றி மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள். ஓடும் ஹாலைடின் கண்ணாடியில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் வெடிக்கலாம் என்பதால், தொட்டிக்குள் கையை விடும் வேலை எதுவானாலும் முதலில் அதை அணைத்து, ஆறவிட்டு, பிறகு செய்யுங்கள்.

பங்குனி பிறந்ததும் எந்த விளக்காக இருந்தாலும் ஒரு மாற்றம் செய்துவிடுங்கள்: உச்ச நேரத்தில் ஒரு மணி நேரம் குறையுங்கள். தண்ணீர் 29-ஐத் தொட்டால் விளக்கை அணைக்கும்படி ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரை விளக்கின் பிளக்கில் சேர்த்துவிடுங்கள். சென்சார் சம்ப்பில் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கட்டும். ஆடியில் வெயில் தணிந்த பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடமாகக் கூட்டிப் பழைய நேரத்துக்குத் திரும்பலாம்.